கடல்நீர்த் தொட்டியில் இறகுப் பாசி: 13 மாதமும் 1,550 வெள்ளியும்

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை, பச்சை நிறச் சோவாந்திட் பவளத் துண்டு ஒன்றை 35 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலர்) வாங்கி வந்து என் தொட்டியில் வைத்தேன். பவளம் ஒட்டப்பட்டிருந்த சிறிய சுண்ணாம்பு அடிக்கட்டையின் ஓரத்தில், அரை விரல்நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துளிர் இருந்தது. அது என் கண்ணில் படாமல் இல்லை. பார்த்தேன், அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன், அப்படியே பாறை இடுக்கில் செருகிவிட்டேன். அடுத்த 13 மாதங்களும், ஏறத்தாழ 1,550 வெள்ளியும், பல ஞாயிற்றுக்கிழமைகளும், வீட்டில் எனக்கிருந்த கொஞ்சம் நற்பெயரும் அந்தத் துளிரின் பின்னாலேயே போயின. அந்த நாள்களில் யாராவது ஒருவர் தமிழில் இதை விளக்கமாக எழுதி வைத்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும் என்று பலமுறை எண்ணியதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்காங்கில் எங்களுடைய நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதன் கீழே அலமாரிக்குள் கருவிகளுக்கான ஒரு சம்ப் தொட்டி, இரண்டிலும் சேர்த்து 200 லிட்டர் அளவுக்குக் கடல்நீர். சிங்கப்பூர் வெப்பத்தில் சில்லர் இல்லாமல் பவளம் நிலைப்பது கடினம் என்பதால் நீரை 26 பாகையில் வைத்திருக்கும் சில்லர், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், நீலமும் வெள்ளையும் கலந்த எல்இடி விளக்கு ஆகியவை இருந்தன. 2022 பிப்ரவரியில் உலர்ந்த பாறைகளைக் கொண்டு தொட்டியைத் தொடங்கினேன். உலர்ந்த பாறையில் முன்பு வாழ்ந்து மடிந்த உயிர்களின் பாஸ்பேட், அதாவது பாசிக்கு உணவாகும் சத்து, ஊறிக் கிடக்கும். அது மாதக்கணக்கில் நீரில் கசியும். அதனால் முதல் ஆறு மாதங்களில் பழுப்புப் படலம், பச்சை முடிப்பாசி என ஒவ்வொன்றாக வந்து, நத்தைகளின் தயவால் ஒவ்வொன்றாகப் போயின. இந்தச் சிறிய வெற்றிதான் பின்னால் என் கண்ணை மறைத்தது. பாசி என்றால் வரும், பொறுத்தால் போகும் என்று ஒரு தெம்பு வந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் சோவாந்திட்டைச் சுற்றிலும் ஒரு பச்சைக் குஞ்சம் படர்ந்திருந்தது. டிசம்பரில் பக்கத்துப் பாறையிலும் இரண்டு இடங்களில் தென்பட்டது. முடிப்பாசி திரும்பி வந்துவிட்டதாகவே முடிவு செய்தேன். முடிப்பாசிக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் தெரிந்ததுதான்: உணவைக் குறை, விளக்கு நேரத்தைக் குறை, நத்தைகளைக் கூட்டு, நீரை மாற்று, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைப் போடு. அத்தனையையும் ஒரே வாரத்தில் செய்தேன். குருணைக்கும் அது சுழலும் குழாய்க் கலனுக்கும் 140 வெள்ளி. பாசிர் ரிஸ் ஃபார்ம்வே பக்கம் போய் டர்போ நத்தைகள் இருபது வாங்கினேன், நத்தை ஒன்றுக்கு 4 வெள்ளி. நத்தைகள் கண்ணாடியைப் பளிங்குபோல் ஆக்கின. பின்சுவரில் இருந்த நல்ல பாசியைக்கூடத் தின்று தீர்த்தன. அந்தப் பச்சைக் குஞ்சத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயின. இலையில் பிடிக்காத கூட்டை ஓரமாக ஒதுக்கிவைக்கும் குழந்தையைப்போல, அவை அதைத் தொடவே இல்லை. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். முடிப்பாசியை விரும்பித் தின்னும் நத்தை ஒரு பாசியைத் தொட மறுக்கிறது என்றால் அது முடிப்பாசி அன்று என்பதுதான் பொருள்.

நான் யோசிக்கவில்லை, பல்துலக்கியை எடுத்தேன். 2023 ஜனவரியில் பொங்கல் கழிந்த ஞாயிறன்று காலை, அலை எழுப்பும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தொட்டிக்குள் கையை விட்டுப் பாறைகளைப் பரபரவென்று தேய்த்தேன். பச்சைத் தூள் நீரெங்கும் பறந்தது. ஸ்கிம்மர் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினேன். மாலையில் பாறை வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து நிழற்படமும் எடுத்துக்கொண்டேன். மூன்று வாரங்கள் கழித்து, அதுவரை பாசி இல்லாதிருந்த பதினோரு இடங்களில் பச்சைப் புள்ளிகள் முளைத்திருந்தன. பம்ப்பின் மூடியிலும் ஒன்று இருந்தது. விதை தூவியவன் நானேதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் கடல் முயல் என்னும் கடல் நத்தை வகை ஒன்றை 22 வெள்ளிக்கு வாங்கினேன். பாசி தின்பதில் அதற்கு நிகரில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். முடிப்பாசியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. கை அளவுக்கு, பழுப்புப் பச்சையில், முதுகு சப்பையாக, பார்ப்பதற்குச் சேற்றுக் கட்டிபோல் இருக்கும். ஐந்து நாள் தொட்டியின் அடிமணலை மேய்ந்தது. ஆறாம் நாள் அதிகாலை அலை பம்ப்பின் வாயருகே அது சுருண்டு ஒட்டிக்கிடந்தது. சுற்றிலும் நீர் கருஞ்சிவப்புக் கலந்த ஊதாவாக இருந்தது. மிரண்டால் அது சாயம் கக்கும். அவசரத்தில் கரியை ஒரு துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, இருப்பிலிருந்த 40 லிட்டர் உப்புநீர் அனைத்தையும் மாற்றி, அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனேன். மீன்கள் தப்பின, முயல் தப்பவில்லை. கடல் முயலோ, கடல் வெள்ளரியோ, மெதுவாக நகரும் எந்த மென்னுடலியோ வாங்குவதற்கு முன்னால் பம்ப் வாய்களுக்கெல்லாம் நுரைப்பஞ்சோ வலையோ கட்டிவிட வேண்டும். அதோடு, தின்னப் பாசி தீர்ந்ததும் கடல் முயல் பட்டினி கிடந்து சாகும் என்பதால், திருப்பிக் கொடுக்க ஓர் இடத்தையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். என்னைப்போல் ஒரு ஜீவனை அநியாயமாகக் கொன்றுவிட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

இந்தக் காலத்தில் என்னை மிகவும் குழப்பியது பரிசோதனை முடிவுகள்தான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் என்றே காட்டின. உணவே இல்லாத நீரில் பாசி எப்படி வளர்கிறது? கருவியில்தான் கோளாறு என்று நினைத்து, 120 வெள்ளிக்கு ஹன்னா நிறுவனத்தின் மின்னணுப் பாஸ்பரஸ் மானி வாங்கினேன். அதுவும் சுழியம் என்றது. விடை எளியது: பாசியே அவ்வளவையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. நீரில் மிஞ்சியதைத்தான் கருவி அளக்கும். தொட்டிக்குள் ஒரு நாளில் எவ்வளவு வந்து போகிறது என்பதை அளக்காது. பானையில் சோறு இல்லை என்பதால் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று ஆகிவிடுமா? சுழியத்தைப் பார்த்து நான் இன்னும் கொஞ்சம் இரும்புக் குருணை போட்டேன், மீனுக்கு இன்னும் கொஞ்சம் உணவைக் குறைத்தேன். பாசி அசையவில்லை. வெளிறியது அக்ரோபோரா பவளங்கள்தான். உணவும் இல்லாமல், காரத்தன்மையும் உயர்ந்திருந்ததால், நுனிகள் வெந்ததுபோல் வெண்மையாகி, மார்ச் முடிவதற்குள் நான்கு துண்டுகள் போயின. துண்டு 60 வெள்ளியாக 240 வெள்ளி.

மானியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தடுமாறுபவர்கள் பலர். மிகக் குறைந்த அளவுகளுக்கான அந்த மானி காட்டுவது பாஸ்பரஸின் அளவு, அதுவும் நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற கணக்கில். அதை 3.066 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் நாம் பேசும் பாஸ்பேட் அளவு பத்து லட்சத்தில் இத்தனை பங்காகக் கிடைக்கும். மானி 20 என்று காட்டினால் பாஸ்பேட் 0.06. மானியின் பிழை வரம்பே ஏறத்தாழ 5 என்பதால், அது 3 என்றும் 0 என்றும் காட்டுவதற்கிடையில் வேறுபாடு தேடுவது வீண் வேலை.

தண்ணீரையும் சந்தேகித்தேன். இங்கே குழாய்நீரில் குளோரமின் உண்டு. சாதாரணக் கரி வடிகட்டி குளோரமினை அரைகுறையாக உடைத்தால் அம்மோனியா மிஞ்சும். அதை எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்ஓ) சவ்வும் அதன்பின் வரும் அயனிப் பிசினும்தான் பிடிக்க வேண்டும். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டிடிஎஸ் மானி சுழியம் காட்டிய வரைக்கும் பிசினை மாற்றாமல் வைத்திருந்தேன். பிசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருவது சிலிக்கேட். டிடிஎஸ் மானி அதைச் சரியாகக் காட்டாது. பிசினை மாற்றினேன், உப்பு வாளி இரண்டு வாங்கி (210 வெள்ளி) வாராவாரம் நீர் மாற்றினேன். நல்ல பழக்கம்தான், ஆனால் என் நோய்க்கு அது மருந்து அன்று.

ஏப்ரலில் ஒரு நாள் இரவு, வெறுத்துப்போய், அந்தப் பாசியில் ஒரு துணுக்கை இடுக்கியால் மெல்லப் பறித்து, வெள்ளை நிறச் சூப்புக் கிண்ணத்தில் கடல்நீர் விட்டு அதில் போட்டேன். ஆறு மாதம் பார்த்துப் பார்த்துத் திட்டிய பொருளை அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். அது முடியாக இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதன் இருபுறமும் மயிரிழைக் கிளைகள், நுனிக்குப் போகப் போகக் கிளைகள் குறுகி, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சிறிய இறகு. இடுக்கியால் நீருக்கு மேலே தூக்கியபோதும் முற்றிலும் குழையாமல் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. முடிப்பாசியைத் தூக்கினால் சளிபோல் தொங்கும். அரை மணி நேரத் தேடலில் பெயர் கிடைத்தது: பிரையாப்சிஸ். நான் இறகுப் பாசி என்று சொல்லிக்கொள்கிறேன்.

பெயர் தெரிந்ததும் ஆறு மாதத்தின் தவறுகள் அத்தனையும் விளங்கின. இந்தப் பாசியின் ஓர் இழை முழுவதும் ஒரே செல். உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது, பல உட்கருக்கள் ஒரே குழாயில் மிதக்கும். குழாயை அறுத்தால் உள்ளிருக்கும் சாறு வெளியே சிந்தும். கடல்நீரில் சிந்திய அந்தச் சாறே திரண்டு, தன்னைச் சுற்றி மறுபடி ஒரு சவ்வைக் கட்டிக்கொண்டு, புதிய பாசியாக வளர வல்லது. ஓடும் பம்ப்புக்கு முன்னால் இதைப் பல்துலக்கியால் அரைத்த என் செயலுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. பெரும்பாலான நத்தைகளுக்கும் மீன்களுக்கும் இது பிடிக்காது. நீரில் சத்து மிகக் குறைவாக இருந்தாலும் சமாளித்து நிற்கும், அதற்குள் பவளம் செத்துவிடும். ஆகவே உங்கள் தொட்டியில் பச்சையாக ஏதாவது முளைத்தால் கடைக்குப் போகாதீர்கள். முதலில் வெள்ளைக் கிண்ணத்தை எடுங்கள். இறகு வடிவமா, குழையும் முடியா, கண்ணாடிக் கோலிபோல் உருண்டைக் குமிழா என்று பாருங்கள். குமிழாக இருந்தால் அது வலோனியா. அதற்கு மரகத நண்டு ஓரளவு உதவும். முடியாக இருந்தால் நத்தையும் பொறுமையும் போதும். இறகாக இருந்தால் அந்தப் பாறையைத் தொட்டிக்கு வெளியே எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மருந்துக்குப் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் பாறைகளை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்துவிடலாமா என்றும் எண்ணினேன். நல்லவேளை, செய்யவில்லை. சோவாந்திட் வகைப் பவளங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும்; அவை ஒட்டியிருந்த பாறையைக் கொதிக்கவைத்து, ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

மெக்னீசியத்தைப் பத்து லட்சத்தில் 1,600 பங்குக்கு மேல் உயர்த்தினால் இறகுப் பாசி அழியும் என்பது பழைய வைத்தியம். 48 வெள்ளி கொடுத்து மெக்னீசியக் கரைசல் வாங்கி மூன்று வாரம் முயன்றேன். பாசி கொஞ்சம் வெளுத்தது, மறுபடி பச்சையானது. அதன்பிறகுதான் புளூகோனசோல். அடிப்படையில் இது மனிதர்களுக்கான பூஞ்சைக்கொல்லி. மீன்தொட்டிக்கென்று பொட்டலமிட்டு விற்பதும் உண்டு, அதைத்தான் 50 வெள்ளிக்கு வாங்கினேன். பரவலாகச் சொல்லப்படும் அளவு ஒரு கேலனுக்கு 20 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். என் 200 லிட்டருக்கு ஒரு கிராம். தொட்டியின் கொள்ளளவைப் போடாமல், பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கணக்கிட்டுப் போட வேண்டும். கரியை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். ஸ்கிம்மர் கோப்பையைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜன் குறையாமலிருக்கக் காற்றுக்கல் ஒன்றைப் போட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கு நீர் மாற்றக் கூடாது.

மே மாதம் முதல் வாரத்தில் மருந்தைப் போட்டேன். நான்கு நாள்வரை ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் இறகுகளின் நுனி மஞ்சளித்தது. ஒன்பதாம் நாள் குஞ்சங்கள் சாம்பல் நிறத்தில் தொய்ந்து கிடந்தன. லேசாக நீரைப் பீய்ச்சியதும் பிய்ந்து வந்தன. பதினாறாம் நாள் தொட்டியில் தேடினாலும் கிடைக்கவில்லை. மீனுக்கோ, இறாலுக்கோ, மென்பவளத்துக்கோ ஒரு பாதிப்பும் இல்லை. அன்று இரவு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "இதுவரைக்கும் மீனுக்குச் செலவு பண்ணினீங்களா, பாசிக்குச் செலவு பண்ணினீங்களாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று சிரித்துவிட்டேன்.

ஜூன் மாதத்தில் சிரிப்பு நின்றது. பாசி சாகும்போது அது தனக்குள் வைத்திருந்த சத்தையெல்லாம் நீரில் விடும் என்று படித்திருந்ததால், மருந்துக் காலம் முழுவதும் இரும்புக் குருணையை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். மருந்து முடிந்ததும் கரி, அடுத்தடுத்து இரண்டு பெரிய நீர் மாற்றங்கள். இறகுப் பாசியும் இல்லை, நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. இம்முறை சுழியம் உண்மையான சுழியம். பாறைகள் வெறுமையாகக் கிடந்தன. பத்தே நாளில் மணல்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படர்ந்தது. காலையில் மெலிதாக இருக்கும். விளக்கு எரிய எரியத் தடித்து, மாலையில் மூக்குச்சளிபோல் நூல் நூலாகத் தொங்கும். ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழ் நிற்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

வெட்கத்தோடு சொல்கிறேன், கிண்ணத்தின் பாடத்தை இரண்டே மாதத்தில் மறந்துவிட்டேன். புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம்தான் என்று நினைத்து உறிஞ்சி எடுத்தேன், நீர் மாற்றினேன். ஒவ்வொரு நீர் மாற்றத்துக்குப் பிறகும் அது இரு மடங்கானது. ஜூலையில் டர்போ நத்தைகள் மல்லாந்து விழத் தொடங்கின. காலையில் எழுந்து தொட்டிக்கு முன்னால் நிற்பதற்கே பயமாக இருந்தது. இருபதில் பதினேழு போன பிறகு, இரண்டு தலை டார்ச் பவளமும் (240 வெள்ளி) ஹேமர் பவளமும் (150) மொன்டிபோரா ஒன்றும் (70) சுருங்கிக் கழன்றன. ஒரு கட்டத்தில் தொட்டியை விற்பதற்கு நிழற்படம்கூட எடுத்துவிட்டேன். இந்தக் கோலத்தில் யார் வாங்குவார் என்பதால்தான் விற்கவில்லை.

அப்போது செய்த ஒரு சோதனை வீட்டிலேயே எவரும் செய்யக்கூடியது. பழுப்புச் சளியில் கொஞ்சம் எடுத்து, மூடியுள்ள புட்டியில் தொட்டிநீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி, காப்பி வடிகட்டும் தாளில் வடிகட்ட வேண்டும். வடிந்த தெளிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வைக்க வேண்டும். அந்த நீரில் மறுபடியும் சளி நூல்கள் கூடித் திரண்டால், அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரி. எனக்கு நாற்பது நிமிடத்தில் திரண்டது. அடுத்த வேலை, அது எந்த டைனோ என்று பார்ப்பது. அதற்கு நுண்ணோக்கி வேண்டும். விலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளுக்குப் பிறந்தநாளுக்கு வந்த விளையாட்டு நுண்ணோக்கி அலமாரிமேல் இருப்பது நினைவுக்கு வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். முதலில் குனிந்து பார்த்தவள் அவள்தான். "அப்பா, எல்லாம் ஒரே இடத்துல நின்னு சுத்துதுப்பா, பம்பரம் மாதிரி" என்றாள். நானும் பார்த்தேன். ஒரு முனை கூரான நீர்த்துளி வடிவத்தில் பழுப்பு உருவங்கள், கண்ணுக்குத் தெரியாத நூலில் கட்டியதுபோல் கூர்முனையை மையமாக வைத்துச் சுழன்றுகொண்டிருந்தன. அது ஆஸ்ட்ரியாப்சிஸ், நஞ்சு சுரக்கும் வகை. நத்தைகள் செத்ததற்குக் காரணமும் தெரிந்தது.

வகையைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு எழுந்து நீரில் மிதக்கும். அதனால் புற ஊதா விளக்கு அதைக் கொல்லும். ஆம்பிடினியம் என்ற இன்னொரு டைனோவின் பெரிய வகை மணலுக்குள்ளேயே கிடக்கும். அதற்குப் புற ஊதா விளக்கு வாங்கினால் பணம் தண்டம். என் மகளின் விளையாட்டுப் பொருள் என்னை அந்தத் தண்டத்திலிருந்து காப்பாற்றியது. 18 வாட் புற ஊதா விளக்கு 180 வெள்ளிக்கு வாங்கி, சம்ப்பில் மாட்டாமல், மேல் தொட்டியிலிருந்தே நீரை எடுத்து மேல் தொட்டிக்கே திருப்பிவிடும்படி மாட்டினேன். டைனோ மிதப்பது மேல் தொட்டியில்தான் என்பதால் இந்த இடம் விளக்கின் திறனைவிட முக்கியமானது.

பிறகு செய்தவை எல்லாம் அதுவரை செய்ததற்கு நேர் எதிரானவை. இரும்புக் குருணையைத் தூக்கி எறிந்தேன். நீர் மாற்றுவதை நிறுத்தினேன். நஞ்சை உறிஞ்சக் கரியை மட்டும் வைத்து, வாராவாரம் மாற்றினேன். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நானே அளந்து ஊற்றினேன். பாசியை ஒழிக்க ஒன்பது மாதம் உரத்தைப் பிடுங்கிய அதே கையால் உரம் ஊற்றுவதற்கு மனம் எளிதில் இணங்கவில்லை. முதல் நாள் குப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாஸ்பேட் ஊற்றினால் மறுநாள் காலை அது காணாமல் போயிருக்கும். மானியைச் சந்தேகிக்க வேண்டாம். பட்டினி கிடந்த பாறையும் மணலும் அதை இழுத்துக்கொள்கின்றன. அவை நிறையும்வரை தினமும் அளந்து தினமும் ஊற்ற வேண்டும். எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. நைட்ரேட் 5 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை என்பதுதான் நான் பிடித்துக்கொண்ட இலக்கு. ஆகஸ்ட் இறுதியில் மூன்று நாள் தொட்டியைக் கம்பளிப் போர்வையால் மூடி முழு இருட்டில் வைத்தேன். அந்த மூன்று இரவுகளில்தான் புற ஊதா விளக்குக்கு வேலை. போர்வையை எடுத்தபோது மணல் வெள்ளையாக இருந்தது. இருட்டு மட்டும் செய்திருந்தால் இரண்டு வாரத்தில் திரும்பியிருக்கும். சத்தும் விளக்கும் சேர்ந்ததால் திரும்பவில்லை. செப்டம்பரில் பாறைகளில் சாதாரணப் பச்சைப் படலம் படர்ந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாகப் பாசியைக் கண்டு மகிழ்ந்தேன். டைனோவுக்கு இடம் விடாமல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது அதுதான். நவம்பரில் நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒன்றுகூடச் சுழலவில்லை.

கணக்கு கேட்பவர்களுக்காக: பாசிக்கென்று வாங்கிய பொருள்களும் உயிர்களும் 850 வெள்ளி, செத்த பவளங்கள் 700 வெள்ளி. இவற்றில் உண்மையில் தேவைப்பட்டவை மருந்துக்கான 50 வெள்ளியும் மானிக்கான 120 வெள்ளியும்தான். மருந்துக் காலத்தில் இரும்புக் குருணையை நிறுத்தியிருந்தால் புற ஊதா விளக்கும் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன். ஒரே வாரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்தால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது நான் ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கிறேன். தேதி, நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை, என்ன செய்தேன் என்பதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறேன். அந்த நோட்டு 2022இலேயே இருந்திருந்தால் ஏப்ரலில் கண்டதை டிசம்பரிலேயே கண்டிருப்பேன்.

புதிதாக வரும் எந்தப் பவளத்தையும் அதன் அடிக்கட்டையோடு தொட்டிக்குள் விடுவதில்லை. எலும்பு வெட்டும் கத்தரியால் அடியை நறுக்கிவிட்டு, பூச்சி மருந்துக் கரைசலில் முக்கி, புதிய கட்டையில் ஒட்டி, 20 லிட்டர் தனித் தொட்டியில் ஆறு வாரம் வைக்கிறேன். அந்தத் தனித் தொட்டி சமையலறை மேடையில், சோறாக்கும் குக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை அங்கே வைக்க நான் பட்ட பாடு வேறு கதை. போன மாதம் ஊதா நிறச் சோவாந்திட் துண்டு ஒன்று வந்தது. மூன்றாம் வாரம் மகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று, விரலால் காட்டினாள். பவளத்தின் காலடியில், அரை விரல்நகம் அளவுக்கு ஒரு பச்சைத் துளிர். இடுக்கியையும் வெள்ளைக் கிண்ணத்தையும் அவளே எடுத்து வந்தாள்.